டியூட்டி சீட்டின் பின்பக்கம்

மகளின் ஜியோமெட்ரி பாக்ஸைத் துழாவி
ஸ்கேலை எடுத்தேன்.
போன மாத டியூட்டி சீட்டின் பின்பக்கம்
மூன்று கோடு. நாலு கட்டம்.
முதலில் நான்.
அடுத்தது திருச்சபை.
மிச்ச இரண்டில்
ஜெயிக்க வாய்ப்புள்ள இருவர்.
தொகுதியில் பதினேழு பேர் நிற்கிறார்கள்,
பேப்பருக்கு அத்தனை அகலம் இல்லை.

ஞாயிறு பூசையில் ஃபாதர் ஆமோஸ்
யார் பெயரையும் சொல்லவில்லை.
மனசாட்சியைக் கேளுங்கள் என்றார்,
கேட்பதற்கு முன்
அதற்கும் கொஞ்சம் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்றார்.
வெளியே சைக்கிள் ஸ்டாண்டில்
இன்னாசி மாமா ஒவ்வொரு காதாகப் போய்
ஒரு சின்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவில் இருக்கும் உயிர்.
திருச்சபைக் கட்டத்தில் பேனா நிற்கவில்லை.
வேட்பாளர்களுக்கு
இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது, கோடு.
என் கட்டத்தில்
ஓமலூர் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை,
ஒன்பதாம் வகுப்பு,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
சிஸ்டர், திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போயிரலாமா?
பேனா முனையை வைத்தேன், எடுத்தேன்.
ஒரு புள்ளி இருக்கிறது.
அதை எப்படிப் படிப்பதென்று எனக்கே தெரியாது.

அவளைக் கெடுத்தவன்மாதிரி ஆட்களை
நடுரோட்டில் வைத்துச் சுடவேண்டும் என்றார் ஒருவர்,
நாலு ரோட்டுக் கூட்டத்தில்.
தட்டுவடை செட்டைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு
நானும் கை தட்டினேன்.
திருச்சபை மரண தண்டனை கூடாது என்கிறது.
வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால்
நேர் எதிர்ச் சுவரில் தொங்குபவர்,
அவரும் தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்டவர்தான்.
விரலில் இன்னும் சட்னி வாசம்.

கூலி.
நூறு வருஷத்துக்கு மேலாகத் திருச்சபை
நியாயக் கூலி நியாயக் கூலி என்கிறது.
எங்கள் ஆஸ்பத்திரி துப்புரவுக்காரர்களை
நிரந்தரமாக்குவேன் என்று
இரண்டாமவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
டிக் போட்ட பிறகு ஞாபகம் வந்தது,
பங்குப் பள்ளி ஆயா ரெஜினாவுக்குச் சம்பளம் நாலாயிரம்.
அதை எங்கே எழுத?
திருச்சபைக் கட்டத்தின் நடுவில்
இன்னொரு கோடு இழுத்தேன்,
சொல்வது ஒரு பக்கம்
செய்வது ஒரு பக்கம்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் கல்லறைத்தோட்டம்.
நடுச்சுவரை இடித்துவிட்டார்கள், நான் பார்த்தேன்.
அஸ்திவாரம் இருக்கிறது,
புல் முளைக்கும் காலத்தில் தெரியாது.
அப்பா அந்தப் பக்கம்.
ஞானஸ்நானத் தண்ணீரில்
எஸ்.சி. சான்றிதழ் கரைந்தது,
சாதி கரையவில்லை.
வாங்கித் தருவேன் என்கிறார் ஒருவர்,
போன தடவையும் சொன்னவர்.
முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார் மற்றவர்.
எவருக்கு மதிப்பெண் போட?

மலை.
மாடியில் துணி எடுக்கும்போதெல்லாம் சேர்வராயன்.
அடிவாரத்தில் உரித்த தேங்காய்மாதிரி
வெள்ளைக்கல் வெட்டிய இடம்.
படைப்பைக் காக்கச் சொல்கிறது போதனை.
ஒருவரின் மச்சானுக்கு லாரிகள் ஓடுகின்றன.
சடாரென்று பெருக்கல் குறி போட்டேன் அவருக்கு.
உள்ளே என் வீட்டுக்காரர் இருமினார்.
அவர் எடைமேடையில் ரசீது போடுகிறவர்.
இந்த மாடி கட்டியது அந்த லாரிகளின் எடையில்.

கூட்டிப் பார்த்தேன்.
ஒருவருக்கு இரண்டரை. மற்றவருக்கு இரண்டு.
எனக்கும் எனக்குமே
பாதிதான் ஒத்துப்போனது.

காலையில் நைட் டியூட்டி முடிந்து நேராக வரிசை.
பங்குப் பள்ளிதான் வாக்குச்சாவடி.
எனக்கு முன்னால் ரெஜினா, பட்டுப்புடவையில்.
திரும்பிக் காதில் சொன்னாள்:
ஐந்நூறு வாங்கிட்டேன் சிஸ்டர்,
ஆனா அவனுக்குப் போடமாட்டேன். பாவமா?
எந்தக் கட்டத்திலும் இது இல்லை.
பாவமில்ல என்றேன்,
போலீஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

உள்ளே அட்டை மறைப்பு, நான், பொத்தான்கள்.
பீப் சத்தம் நினைத்ததைவிட நீளம்.

கேட்டைத் தாண்டி போனை ஆன் செய்தேன்,
மை காய்வதற்குள் மகள்:
அம்மா, என் ஸ்கேல் எங்க?
ஹேண்ட்பேக்கைத் திறந்தேன்.
இத்தனை நேரமும்
அதுவும் என்னோடு உள்ளே வந்திருக்கிறது.